தோலோட இருந்தா எடுத்தாரலாம்

போன வாரம் பள்ளிக்கூடக் கூட்டத்தில் சத்தம் போட்டுச் சிரித்தது யார் என்று கேட் பக்கத்தில் நீங்கள் பேசிக்கொண்டீர்களாம். நான்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? சாயங்காலம் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போக என்னோடு வெயிலில் நிற்கிறவர்கள் நீங்கள். முட்டி வலியும் மருந்துச் சீட்டும் பேசிப் பேசி அலுத்துப்போன நேரத்தில் இதையும் கேளுங்கள்.

என் மகள் கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வேலைக்குப் போகிறவள். அன்று லீவு கிடைக்கவில்லை. பேத்திக்காகக் கூட்டத்துக்கு நான் போனேன். பிள்ளைகளுக்கு இடைவேளைக்கு என்ன தின்னக் கொடுக்கலாம் என்று ஒரு டாக்டரம்மா வந்து பேசினாள். சின்னப் பெண், நல்ல குரல். பாக்கெட்டில் அடைத்த எதுவும் வேண்டாம் என்றாள். அவித்த கடலை கொடுங்கள், கொய்யா கொடுங்கள், வாழைப்பழம், சோளக் கதிர் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "சுருக்கமா சொன்னா, தோலோட இருக்கறதா பார்த்து அனுப்புங்க, அது போதும்" என்றாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

"இன்னா ஆயா, நான் தப்பா எதனா சொல்லிட்டனா?"

"இல்ல கண்ணு. நீ சொன்னத எங்க ஊருல ஒரு அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க. ஆனா அவங்க சத்துக்காவ சொல்லல."

"வேற எதுக்கு சொன்னாங்க?"

"அத ஆரம்பிச்சா நீ சோத்துக்குப் போவ முடியாதும்மா."

அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத்தில் வருகிற மாதிரி ஆக்கிவிடுகிறாள், ஆக்கட்டும். மற்றவர்கள் பேசினதை மட்டும் அப்படியே விடு என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் பேச்சைத் திருத்த நாம் யார்?

என் வயதைக் கேட்காதீர்கள். சாலை மறியல் நடந்த வருடம் உனக்கு ஒன்பது என்று என் அம்மா சொல்வாள். அந்தக் கணக்கில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்தார்களே, அந்த வருடம். எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில். ஊருக்குத் தள்ளி வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் காலனி. நாங்கள் காலனி.

ஒரு நாள் விடிந்து பார்த்தால் தார் ரோட்டில் புளியமரங்கள் படுத்துக் கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. ரோட்டில் காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. பெரியவர்களெல்லாம் பயந்து கிடந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஊர் ஆண்கள் ரோட்டில் இருந்தார்கள். காலனி ஆண்கள் வேலைக்குப் போக முடியாமல் வீட்டுக்குள் இருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார்கள். எனக்கோ ஒரே கொண்டாட்டம். நின்ற மரத்தில் கல்லெறிந்து விழுந்த புளியங்காயைப் பொறுக்கியவள் நான். இப்போது மரமே கீழே வந்து படுத்திருக்கிறது! பாவாடை நிறையப் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்று, நாக்கு வெந்து இரண்டு நாள் கஞ்சி குடிக்க முடியாமல் கிடந்தேன்.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை. என் தம்பி போனான். நான் நிலத்துக்காரம்மாவின் ஆடுகளை மேய்த்தேன். நிலத்துக்காரம்மா என்றால் ஊரில் பெரிய வீடு. எங்கள் அம்மா வேலை செய்ததெல்லாம் அவர் காட்டில்தான். உயரமானவர். மூக்குத்தி இரண்டு பக்கமும். அவர் பேசினால் ஊரில் மறுபேச்சு கிடையாது. ஆடுகள் ஏழு. ஏழையும் ஓட்டிக்கொண்டு நான் மத்தியானம் எங்கே போவேன் என்று நினைக்கிறீர்கள்? பள்ளிக்கூடத்து வேலிக்குத்தான். சத்துணவுச் சோறு வேகிற வாசம் அங்கே வரும். வாசம் பிடிக்கப் பேர் பதிய வேண்டியதில்லையே.

மறியல் வந்ததும் அந்த வாசம் நின்றுபோனது. அரிசி மூட்டை வர வழியில்லை. ரோடு திறந்த பிறகும் அது சரியாக வரவில்லை. ஒரு நாள் வரும், நாலு நாள் வராது. காலை பிரேயரில் ஒரு பெண் பிள்ளை மயங்கி விழுந்தாள். மறுநாள் இன்னொருத்தி. பெட்டிக்கடையில் பிஸ்கெட் வாங்கலாம் என்றால் அங்கே பாட்டில்கள்தான் காலியாக நின்றன. கடைக்காரர் அவற்றைத் தினமும் துடைத்துத் துடைத்து வைத்தார், பாவம்.

பெரிய வாத்தியார் எல்லா வீட்டு அம்மாக்களையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அதுவரைக்கும் அம்மாக்கள் அந்த வேலியைத் தாண்டியது கிடையாது. ஸ்கூலில் கூப்பிடுகிறார்கள் என்றால் பிள்ளை ஏதோ செய்துவிட்டான் என்றுதான் அர்த்தம். ஒருத்தி கையில் விளக்குமாற்றோடு வந்தாள். "எங்க அவன்? மொதல்ல அவன வெளியில அனுப்புங்க சார், அப்புறம் நீங்க பேசுங்க" என்றாள். வாத்தியார் அந்த விளக்குமாற்றை வாங்கி மூலையில் வைத்தார். கூட்டம் முடிகிற வரைக்கும் அவள் அதன் மேல் ஒரு கண்ணை வைத்திருந்தாள்.

வாத்தியார் மதுரைப் பக்கத்துக்காரர். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார். அதில் ஆப்பிள், முட்டைக்கோஸ், ரொட்டி, கண்ணாடி டம்ளரில் பால். குச்சியால் தொட்டுத் தொட்டு சத்து, சத்து என்று விளக்கினார். அதில் ஒன்றும் எங்கள் ஊரில் விளையாது. என் அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "இந்த வாத்தியாரு வூட்ல பெரிய ஆளுங்க போலக்குது" என்றாள். எங்கள் காடு முழுக்கக் கடலை பிடுங்குகிற பருவம் அது. கொய்யா உதிர்ந்து கிடந்தது. அந்தப் படத்தில் அது எதுவும் இல்லாததால், அதிலெல்லாம் சத்து இல்லை என்று அம்மாக்கள் நினைத்துக்கொண்டார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "ஒரு நாளைக்கு ஒரு வீடு. பிள்ளைங்க எல்லாருக்கும் இடைவேளைக்கு ஏதாவது கொண்டு வாங்க. ரெஜிஸ்டர்ல பேரு இருக்கிற வரிசையில. யார் வீடு, என்ன வீடுன்னு நான் பார்க்க மாட்டேன். ஒரு வீட்டுது வேணாம்னு யாராவது ஒதுக்கினா, அன்னைக்கே மொத்தத்தையும் நிறுத்திடுவேன். எல்லாரும் பட்டினி கெடக்கட்டும்."

ஊர்ப் பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், காலனிப் பெண்கள் கதவோரம் நின்றிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் நிலத்துக்காரம்மாவைப் பார்த்தார்கள். அவருடைய பேரன் இரண்டாவது படித்தான். பிரேயரில் தலை சுற்றி உட்கார்ந்தவர்களில் அவனும் ஒருத்தன். வீட்டில் சோறு இருந்தும் காலையில் தின்ன மாட்டான், அவ்வளவு சேட்டை.

அவர் மூக்குத்தியைத் திருகிக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்.

"செஞ்சத எடுத்தாந்தா சரிப்படாது வாத்தியாரே. ஒரு வூட்டுப் பொங்கல இன்னொரு வூட்டுப் புள்ள துன்னாது. ஆனா, தோலோட இருந்தா எடுத்தாரலாம். துன்றவன் உரிச்சிப் போட்டுட்டா ஆச்சு. என் கொல்லையில கடல புடுங்கறப்போ எல்லாந்தான் ஒரே குமியல்ல குந்தி உரிச்சித் துன்னுது. யாரு பாத்தா?"

வாத்தியார் முகத்தில் என்னவோ ஓடியது. வேண்டாம் என்று சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டார். பிள்ளைகள் வயிற்றுக்கு ஏதாவது போக வேண்டுமே. அன்று அவர் விழுங்கினது எவ்வளவு என்று எனக்கு இத்தனை வயதான பிறகுதான் தெரிகிறது.

"அவிச்ச கடலைங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "அது வேக வெச்சதாச்சே."

"தோலுக்குள்ள தண்ணி போவாதுடி" என்றார் நிலத்துக்காரம்மா. "மழையில நனைஞ்ச கடலைய உரிச்சிப் பாரு, உள்ள காஞ்சிதான் கெடக்குது."

தீர்ப்பு ஆகிவிட்டது. கடலைத் தோலுக்குள் தண்ணீர் போகாது.

அப்புறம் நடந்த கூத்தை என்ன சொல்ல! தினமும் எதற்குத் தோல் உண்டு, எதற்கு இல்லை என்று ஒரு பஞ்சாயத்து. சோளக் கதிர் வந்தது. "அது புடவையே கட்டிகினு வருது, ஒண்ணும் கேக்காதீங்க" என்று விட்டார்கள். வெள்ளரிக்காய் தாண்டியது. கொய்யா மாட்டிக்கொண்டது. கொய்யாவைத் தோலோடு கடித்துத் தின்கிறோமே, உரிப்பதில்லையே? அரை நாள் பேச்சு. நிலத்துக்காரம்மாதான், "அது மரம் ஆக்கிப் போட்டது, எந்த வூட்டு அடுப்பும் இல்ல" என்று தீர்த்து வைத்தார். முட்டைக்கு ஓடு இருக்கிறதே என்று ஒருத்தி ஆசையாகக் கேட்டாள். புரட்டாசி மாசம், வாயைக் கழுவு என்றார்கள். ஐப்பசி வரட்டும் என்று அவள் விரல் விட்டு நாள் எண்ணினாள்.

மலையிலிருந்து சீத்தாப்பழம் கொண்டுவந்து விற்கிற அம்மா ஒருத்தி உண்டு. பஸ் சரியாக ஓடாததால் அவள் கூடை விலைபோகவில்லை. பழமோ கனிந்து வெடிக்கிறது. திரும்ப மலைக்குச் சுமக்க முடியாமல் பள்ளிக்கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு, "புள்ளைங்க துன்னட்டும், கூடைய மட்டும் பத்திரமா வையுங்க" என்று போனாள். அன்று பிள்ளைகள் முகமெல்லாம் வெள்ளை மாவு. கறுப்புக் கொட்டையை யார் தூரமாகத் துப்புகிறார்கள் என்று போட்டி. வாத்தியாரும் துப்பினார், நான் பார்த்தேன். கூடையைத்தான் யாரும் பத்திரமாக வைக்கவில்லை. அதில் என் ஆடு ஒன்று குட்டி போட்டது.

என் ஆடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டில் ரொம்பக் கொழுத்தது அவைதான். தோலோடு தின்றால் தோல் எங்கே போகும்? சோளத் தட்டை, வெள்ளரித் தோல், கடலைத் தோல் எல்லாம் முற்றத்தில் குவியும். கூட்டிப் பெருக்க ஆள் இல்லை. வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "ஏ புள்ள, இடைவேளை முடிஞ்சதும் ஆட்டை உள்ள ஓட்டிவா" என்றார். இப்படித்தான் நான் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குள் போனேன், ஏழு ஆடுகளோடு. எனக்குப் பேர் இல்லை, அதனால் பங்கும் இல்லை. ஆடு வருவதற்கு முன்னால் தோலில் ஒட்டியிருந்ததும் உள்ளே தப்பிக் கிடந்ததும் என்னுடையவை. சோளத்தில் நுனிப் பால் மணி நாலைந்து எப்போதும் மிச்சம் இருக்கும். கடலையில் பிஞ்சை யாரும் உரிக்க மாட்டார்கள். பிஞ்சுக்குத்தான் இனிப்பு என்பது அவர்களுக்குத் தெரியாது.

ரெஜிஸ்டர் வரிசையில் ஊர் வீடுகளாக வந்துகொண்டிருந்தது. காலனியில் முதல் பேர் என் தம்பியுடையது. அதாவது என் அம்மாவின் முறை.

முந்தின நாள் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. கடலை பிடுங்கினதுக்குக் கூலியாக நிலத்துக்காரம்மா கடலையே அளந்து கொடுத்திருந்தார். அது மூலையில் மண்ணோடு குவிந்து கிடந்தது.

"பச்சையாவே குடுத்துட்டு வா" என்றார் அப்பா. "அவிச்சி எடுத்தும் போயி, எவனாவது வாய் வுட்டா இன்னா பண்ணுவ? ஊரு இருக்கற இருப்புல இது தேவையா நமக்கு?"

"எல்லா வூடும் வேக வெச்சி எடுத்தாந்துச்சி. நான் மட்டும் ஆட்டுக்குக் கொட்ற மாதிரி பச்சையா கொட்டிட்டு வரணுமா? எம் புள்ள அங்க குந்திகினு பாத்துகினு இருக்கறான்."

"வேணான்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சொன்னா எல்லாப் புள்ளைக்குந்தான் நின்னுடும். அத அவங்களே ரோசன பண்ணட்டும்."

அப்படிச் சொன்னவள் விடியற்காலையிலேயே எழுந்து அடுப்பு மூட்டினாள். கடலையை நாலு தண்ணீர் அலசினாள். மண் போகும் வரைக்கும் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். பெரிய பானையில் போட்டுக் கல் உப்பை அள்ளிப் போட்டாள். வெந்த பிறகும் இறக்கி வடித்துவிடவில்லை. கிளம்புகிற வரைக்கும் தணலிலேயே அந்த உப்புத் தண்ணீரில் ஊறவிட்டாள். அவித்த கடலைக்கு ருசி அங்கேதான் இருக்கிறது, நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். பிறகு கூடையில் தேக்கு இலையைப் பரப்பிக் கொட்டினாள். தீபாவளிக்கென்று வைத்திருந்த புடவையை எடுத்துக் கட்டினாள். கடலை கொடுக்கப் போகிறவள் எதற்குப் புதுப்புடவை கட்டுகிறாள் என்று நான் கேட்டேன். "வாய மூடிகினு வா" என்றாள். அந்தச் சொல்லை நான் கேட்டு நடந்திருக்கலாம்.

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக முற்றத்தில் உட்கார்ந்தார்கள். அன்று வேலி ஓரம் ஊர்ப் பெண்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். சும்மா வந்த மாதிரி இடுப்பில் குடம் வைத்திருந்தார்கள். குடத்தில் தண்ணீர் இல்லை. அம்மா ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் ஒரு தேக்கு இலை போட்டு இரண்டு கை கடலை வைத்துக்கொண்டு போனாள். ஆவி பறந்தது. அந்த வாசம் இருக்கிறதே, மழை பெய்த மண்ணையும் உப்பையும் சேர்த்து முகர்ந்த மாதிரி. யாரும் தொடவில்லை. ஊர்ப் பிள்ளைகள் வேலியைப் பார்த்தார்கள். காலனிப் பிள்ளைகள் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். என் தம்பி கடலையைப் பார்த்தான், அவனும் தொடவில்லை. வாத்தியார் கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றார். அவர் ஒன்றும் சொல்லக்கூடாது என்று நின்றது மாதிரி இருந்தது.

ஆடுகளுக்கு இதெல்லாம் தெரியுமா? உப்பு வாசம் பட்டதும் ஒன்று என் பிடியை உதறிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பின்னாலேயே மற்றவை. பிள்ளைகள் நடுவில் புகுந்து தேக்கு இலையை நக்க ஆரம்பித்தன. அதே நேரம் பார்த்து நிலத்துக்காரம்மா குச்சியோடு வந்துவிட்டார்.

"ஏ பொண்ணு! ஆட்ட மேய்க்கச் சொன்னா ஸ்கூல்ல சேத்துட்டியா? எந்த கிளாஸ் படிக்குது?"

வேலியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஆட்டைத் தட்ட வந்தவர் நின்றார். அது கண்ணை மூடிக்கொண்டு இலையை நக்கிக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது, இந்த நக்கு நக்குது?"

குனிந்து கூடையிலிருந்து ஒரு கடலையை எடுத்தார். நசுக்கினார். தோலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு பருப்பையும் வாயில் போட்டார். வேலியில் சிரிப்பு நின்றது. தோல் இருந்தால் எடுத்து வரலாம் என்று சொன்னவர் அவர். அவர் தின்கிறார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

"உப்பு நல்லா எறங்கியிருக்குதே" என்றார்.

என் அம்மாவைப் பாராட்டினால் எனக்குத் தாங்குமா? மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும், அவர் கடலைக்கும் ஒரு பெருமை சேர்க்க வேண்டும் என்று நினைத்து, முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"கடல உங்க நெலத்துதுங்க! உப்புந் தண்ணியுந்தான் எங்க வூட்டுது. வெந்த தண்ணியிலயே எங்கம்மா ஊறப்போட்டாங்க, அதான் பருப்புக்குள்ள வரைக்கும் போயிருக்குது!"

வாத்தியார் கையில் சாக்பீஸ் ஒடிந்தது. அந்தச் சின்னச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அம்மா என்னைப் பார்த்தாள். அடிக்கிற பார்வை இல்லை. கூடையோடு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாமா என்கிற பார்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோலுக்குள் தண்ணீர் போகாது என்றுதானே இத்தனை நாள் எல்லாரும் தின்றார்கள்? போகும் என்று இப்போது நான் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் நிலத்துக்காரம்மாவின் நாக்கில் இருந்தது.

அவர் கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. மெல்லுவது நின்றுபோயிருந்தது. துப்புவதற்கு வேலி இரண்டு அடி தூரத்தில். துப்பினால் வாத்தியார் மொத்தத்தையும் நிறுத்திவிடுவார். என் தம்பிக்கும் இல்லை, அவர் பேரனுக்கும் இல்லை, தோலில் மிச்சம் பொறுக்குகிற எனக்கும் இல்லை. அம்மா இனி அந்த வேலிக்குள் கால் வைக்க மாட்டாள். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தன் பேரனைப் பார்த்தார். அவன் கடலையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆயா என்ன செய்வார் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் வேலியில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். நிதானமாக மென்றார். தொண்டை ஏறி இறங்கியது.

குனிந்து இன்னொரு கடலை எடுத்தார். அதையும் நசுக்கி வாயில் போட்டுக்கொண்டு, என் அம்மா பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. அடுத்த வாட்டி கம்மியா போடு."

பிறகு பிள்ளைகளைப் பார்த்துக் குச்சியை ஆட்டினார். "இன்னா குந்திகினு வாயப் பாத்துகினு இருக்கீங்க? ஆறிப் போச்சின்னா எவன் துன்றது?"

நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கடலை உடைத்தால் எப்படிச் சத்தம் வரும் தெரியுமா? ஓட்டு வீட்டின் மேல் பெருமழை ஆரம்பிக்கிற மாதிரி. ஆடுகள்கூட மிரண்டு பின்னால் போயின.

திரும்பி வரும்போது வாய்க்கால் வரைக்கும் அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். தாண்டியதும் வெறும் கூடையை இறக்கிவைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். "உன் வாய ஊசி எடுத்து தெக்கணும்டி" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்து, புதுப்புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து முகம் வாடிப்போனது. "ஆனா உப்பு ஜாஸ்தின்னு சொல்லிட்டாங்களே. அத்தனை பேரு எதுர்ல" என்றாள். எனக்குப் புரியவே இல்லை. நான் பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன், அவளோ சமையலில் தோற்றுவிட்டேன் என்று நினைத்தாள். அடுத்த வாட்டி என்று ஒரு வார்த்தை அதில் இருந்ததை நாங்கள் இரண்டு பேருமே அன்று கவனிக்கவில்லை.

நிலத்துக்காரம்மா அன்றைக்கே மாறிவிட்டார் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மறு வாரமும் அவர் வீட்டு வாசலில் எங்கள் கையில் தண்ணீரைத் தூக்கித்தான் ஊற்றினார். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வேலிக்குள் ஏதோ ஒன்று தளர்ந்துபோனது. அடுத்த நாள் முறை வந்த காலனி வீட்டுக் கடலையை யாரும் வந்து பார்க்கவில்லை. ஐப்பசியில் முட்டை வந்தது. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவள்தான் கொண்டுவந்தாள். அப்புறம் ஒரு நாள் காலனியிலிருந்து ஒருத்தி, மறந்துபோய், கேழ்வரகு அடை சுட்டுக் கொண்டுவந்துவிட்டாள். முருங்கைக் கீரை போட்டது. அடைக்கு ஏது தோல்? அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். நிலத்துக்காரம்மாவின் பேரன் இரண்டாவது அடை கேட்டான். தோல் பஞ்சாயத்து அத்தோடு முடிந்தது.

அம்மாக்களும் வேலிக்கு வெளியே நிற்பதை விட்டார்கள். கடலை கொடுக்க வந்தவள் பாடம் நடப்பதைப் பார்ப்பாள். மகன் கடைசி வரிசையில் படுத்துத் தூங்குவதைக் கண்டுபிடிப்பாள். விளக்குமாற்றுக்காரி வாரத்தில் இரண்டு நாள் வந்துபோனாள், அவள் மகன் அந்த வருடம்தான் படிக்க ஆரம்பித்தான். யாரோ ஒரு அப்பா கூரையில் உடைந்த ஓட்டை மாற்றினார். வாத்தியார் அந்த ஆப்பிள் படத்தைக் கழற்றவில்லை. அதன் கீழே ஒரு சோளக் கதிரை ஆணியில் தொங்கவிட்டார்.

என்னையும் ஒரு நாள், "ஆட்டைக் கட்டிட்டு உள்ள வந்து உட்காரு" என்றார். உட்கார்ந்தேன். எனக்கும் இரண்டு கை பங்கு வந்தது. பிஞ்சு எது, முற்றினது எது என்று பார்க்காமல் தின்கிற சுகம் அப்போதுதான் தெரிந்தது. தை மாதம் கரும்பு வெட்டுக்கு எங்கள் வீடு மொத்தமும் கிளம்பியது. திரும்பி வந்தபோது சத்துணவு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது, என் இடத்தில் வேறு பிள்ளை உட்கார்ந்திருந்தாள். எனக்கு இப்போதும் நாலைந்து எழுத்து தெரியும். அவை தனித்தனியாக வந்தால் கண்டுபிடித்துவிடுவேன், கும்பலாக வந்தால்தான் கஷ்டம். அதற்காக நான் உட்கார்ந்து அழுதது கிடையாது. என் மகள் எழுதுகிறாள் பாருங்கள், நான் மூச்சு விடுவதற்குள் ஒரு வரி ஆகிவிடுகிறது.

இப்போது நேற்றைய கதை. டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு இந்தப் பள்ளிக்கூடத்திலும் முறை போட்டிருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்கு ஒரு வீடு. முதல் முறைக்குக் கையைத் தூக்கினது நான்தான். அதுவும் சிரித்த வாய் சும்மா இருக்காமல் செய்த வேலை. விடியற்காலையில் கடலையை அலசினேன். என் அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி, தண்ணி எவ்வளவு, எப்போது இறக்கணும் என்று அதிகாரம் பண்ணினாள். கண் மங்கிவிட்டது, அதிகாரம் மங்கவில்லை. உப்பை மட்டும் என் கையில் விடவில்லை. பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி அவளே போட்டாள்.

கொண்டுபோனேன். பிள்ளைகள் உடைத்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கடலை உடைக்கத் தெரியவில்லை, சிலது பல்லால் கடிக்கிறது, சிலது டீச்சரிடம் நீட்டுகிறது. சொல்லிக்கொடுத்தேன். யார் வீட்டுப் பிள்ளை எது என்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. டாக்டரம்மாவும் பார்க்க வந்திருந்தாள். ஒரு கை அள்ளி, நின்றபடியே எல்லாவற்றையும் தின்று முடித்தாள்.

"சூப்பரா இருக்குது ஆயா. உப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. புள்ளைங்களுக்கு அவ்ளோ வேணாம். அடுத்த வாட்டி கம்மியா போடுங்க."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். "இன்னா ஆயா, கோச்சிக்கினீங்களா?"

"இல்ல கண்ணு. அடுத்த வாட்டின்னு சொன்ன பாரு, அதுக்குத்தான்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னேன். எல்லாரும் தின்றார்கள், ஒன்றும் மிச்சம் இல்லை, உப்பு மட்டும் ஜாஸ்தியாம், அடுத்த வாட்டி கம்மியாகப் போட வேண்டுமாம்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"இன்னும் கம்மியாவா? நெலத்துக்காரம்மா சொன்னாங்கன்னு அன்னிலேர்ந்து கம்மியாத்தானேடி போடறேன்!"